பழைய நாணயத்தின் தரத்தைக் கணிப்பது எப்படி? வெளிநாட்டுத் தரச்சான்று எமக்குத் தேவையா?

முத்தையன்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பப்பாவின் காலத்திலிருந்து எமது வீட்டில் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியில் பழைய நாணயங்கள் சில இருக்கின்றன. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டு இலங்கைச் செப்பு ஐந்து சதம் ஒன்று, 1901ஆம் ஆண்டின் ஒரு சத நாணயங்கள் சில, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1919ஆம் ஆண்டு இந்திய வெள்ளி ரூபாய் ஒன்று, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் (வி.ஓ.சி.) துட்டுகள் எனப்படும் செப்புக் காசுகள் சில ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. துட்டுகள் மட்டும் வயல் உழுதபோது மண்ணிலிருந்து வந்தவை என்று அப்பா சொல்கிறார். நகரத்திலுள்ள ஒரு நகைக்கடையில் காட்டியபோது, ரூபாயைத் தராசில் வைத்து வெள்ளியின் விலையைச் சொன்னார்களே தவிர, செப்பு நாணயங்களைக் கையிலும் எடுத்துப் பார்க்கவில்லை.

லண்டனிலுள்ள சித்தப்பாவோ, இவற்றை அமெரிக்காவிலுள்ள ஒரு தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி, தர எண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து எடுத்தால் பல மடங்கு விலை போகும் என்கிறார். விற்கும் எண்ணம் இப்போது இல்லை. ஆனாலும் கையில் இருப்பது எந்த நிலையிலுள்ள பொருள் என்பதை நானே அறிந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு நாணயத்தின் தரத்தை வீட்டில் இருந்தபடியே எவ்வாறு கணிக்கலாம்? அனுப்புவதில் உண்மையில் பயன் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

பறங்கியாறு எழுதியது:

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த இழையில் பதில்கள் வந்து சேரும்வரை அந்த நாணயங்களைப் புளி கொண்டோ சாம்பல் கொண்டோ பற்பசை கொண்டோ துலக்க வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை நாணயத்துக்குச் செய்வதாலேயே எமது பகுதியில் நல்ல நாணயங்கள் பல வீணாகிப் போயின.

தரம் என்பதற்கும் பழமைக்கும் தொடர்பில்லை. அரிதானதா என்பதற்கும் தொடர்பில்லை. அச்சுக்கு அடியிலிருந்து வெளியே விழுந்தபோது அந்த நாணயத்தில் என்னென்ன இருந்தனவோ, அவற்றுள் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே தரம். ஆகவே பார்ப்பவருக்குத் தேவையான முதல் அறிவு, அந்த வகை நாணயம் புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதாகும். கொழும்புக் கோட்டையிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தில் பிரித்தானியர் காலத்து இலங்கை நாணயங்கள் வைக்கப்பட்டுள்ளன. கொழும்பு செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், ஏதாவது ஒரு வகையையாவது நெடுநேரம் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு வாருங்கள். படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண், வெளிச்சத்தின் கோணத்தால் எளிதில் ஏமாறும்.

பார்க்கும் முறை எளியது. மென்மையான துணியை மேசையில் விரித்து அதற்கு மேலாக வைத்துப் பாருங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் இரண்டு விரல்களால் பிடியுங்கள். முகப்பில் விரல் பட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் செப்பில் அடையாளமாகத் தங்கிவிடும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரேயொரு மேசை விளக்கின் கீழ், நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றிப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி போதும். அதற்கு மேல் பெருக்கினால் எந்த நாணயமும் குறையுள்ளதாகவே தோன்றும்.

தேய்மானம் எப்போதும் மேடான இடங்களில்தான் தொடங்கும். உங்கள் ஐந்து சதத்தில் மகாராணியின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகளையும் தலையணியின் ஓரத்தையும் பாருங்கள். இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது ஒன்றோடொன்று கலந்து தட்டையாகிவிட்டனவா? பின்புறத்தில் நடுவே நிற்கும் பனையின் ஓலைகளையும், மரத்தின் இரு புறமும் உள்ள சிங்கள, தமிழ் எழுத்துகளையும் பாருங்கள். அவ்வெழுத்துகள் மிகச் சிறியவை. ஆங்கில எழுத்துகள் முழுமையாக இருக்கும்போதே அவை மங்கத் தொடங்கிவிடும் என்பதால், எனக்கு அவை நம்பகமான அளவுகோல். ரூபாயில் மன்னரின் புருவம், மீசை, முடியின் நடுப்பகுதி, மேலங்கியில் தொங்கும் மாலையிலுள்ள யானை ஆகியவை முதலில் தேயும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் அந்த யானை பன்றியைப் போல் தெரிகிறது என்று இந்தியாவில் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டிலிருந்து உருவம் திருத்தப்பட்டது. உங்களுடையது திருத்திய வடிவம்.

அதன் பின்னரே ஒளியைப் பார்க்க வேண்டும். அச்சின் பேரழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுவதால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் மேற்பரப்பில் உண்டாகின்றன. புதிய நாணயத்தைச் சாய்க்கும்போது அந்த வரிகளின் மேல் வெளிச்சம், நெற்பயிரின் மேல் காற்று ஓடுவதுபோல், பட்டையாகச் சுற்றி வரும். இதைத்தான் அச்சொளி என்கிறோம். மேடுகளில் மட்டும் அந்த ஒளி அறுந்திருந்தால் நாணயம் சிறிது காலமே கைமாறியது. வெறுந்தளத்திலும் இல்லையென்றால் நன்கு புழங்கியது. புளி போட்டுத் துலக்கிய நாணயமும் மின்னத்தான் செய்யும். ஆனால் அதன் மினுக்கம் எந்தப் பக்கம் சாய்த்தாலும் நகராமல் ஒரேமாதிரி இருக்கும். அமிலம் மேல்தோலைத் தின்றுவிட, வரிகள் போய்விடுகின்றன. போனவை திரும்பி வருவதில்லை.

கனகராயன் எழுதியது:

பறங்கியாறு அவர்களின் விளக்கம் சரியானது. எண்களைப் பற்றி மட்டும் நான் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இளைஞர்கள் பலர் அந்த எண்களை வைத்தியசாலை அறிக்கையிலுள்ள எண்களுக்கு நிகராக நம்புகிறார்கள்.

இன்று உலகம் முழுவதும் வழங்கும் 1 முதல் 70 வரையான அளவுகோலை, வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தமது நாட்டின் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக மட்டும் வகுத்தார். ஏன் 70, ஏன் 100 அல்ல என்று கேட்டால், காரணம் விலைதான்: அடையாளம் மட்டும் தெரியும் மிகத் தேய்ந்த சதத்தின் விலையை ஒன்றென்று வைத்தால், குறையே இல்லாத சதம் அதன் எழுபது மடங்கு பெறும் என்பது அவருடைய கணக்கு. சந்தை விலைகள் மாறியவுடன் அந்தக் கணக்குச் செல்லாக் காசாகியது, எண்கள் மட்டும் நிலைத்தன. அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த சிறந்த சதங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் இடத்தில் தமது தாழ்ந்த சதங்களை வைத்தார் என்பது அவர் மறைந்த பின்னர் வெளிப்பட்டது. தர வேறுபாட்டுக்காக ஒரு அறிஞர் இதைச் செய்யத் துணிந்தார் என்றால், தரத்தின் மேல் எவ்வளவு பணம் ஏறி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த அளவுகோலில் 60 முதல் 70 வரையான பதினொரு படிகளும் புழங்காத நாணயங்களுக்கே உரியவை. எமது வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் 4க்கும் 40க்கும் இடையில் நிற்பவை. ஒரே நாணயத்தை உறையை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி வேறு எண் பெற்றவர்கள் உண்டு, அவ்வாறு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. தராசு அப்படி மாறுமா? பயிற்சி பெற்ற கண்கள் சில ஒன்றுகூடிச் சொல்லும் கருத்து என்ற அளவில் அதை மதிக்கலாம். அளவீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொழும்பு வியாபாரிகள் இன்றும் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று ஏறுவரிசையில் வரும் பிரித்தானியச் சொற்களையே கையாளுகிறார்கள். அச்சொற்கள் அமெரிக்கரிடமும் உண்டு. ஆனால் பிரித்தானியர் அவற்றை ஏறக்குறைய ஒரு படி கடுமையாகக் கணிப்பார்கள். லண்டன் வியாபாரி வெரி ஃபைன் என்று வைத்த நாணயம் அமெரிக்க உறையில் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40 என்று வருவது வியப்பல்ல. விலைப்பட்டியலைப் பார்க்கும்போது அது எந்த நாட்டார் எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

செட்டிகுளத்தார் எழுதியது:

கனகராயன் ஐயாவின் கருத்தில் ஒரு பாதியை நான் ஏற்க மாட்டேன். தரச்சான்று நிறுவனங்கள் தோன்றியது எண் கொடுப்பதற்காக மட்டும் அல்ல. 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும் அதற்கு அடுத்த ஆண்டு என்.ஜி.சி. நிறுவனமும் பணியைத் தொடங்கியபோது அமெரிக்கச் சந்தையில் இருந்த நோய், விற்பவர் தமது நாணயத்துக்குத் தாமே உயர்ந்த தரம் சொல்வதும், வாங்கும்போது அதே நாணயத்துக்குத் தாழ்ந்த தரம் சொல்வதும் ஆகும். வாங்குபவரும் அல்லாத விற்பவரும் அல்லாத மூன்றாவது ஒருவர் பார்த்து, இது உண்மையான நாணயம் என்று உறுதி கூறி, தரத்தையும் குறித்து, உறையில் அடைத்துவிட்டால் அந்தச் சண்டை குறையும் என்பதே நோக்கம்.

எமக்கு அந்த உறுதிமொழி மிகவும் தேவை. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்துகொண்டு கைபேசிப் படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு, நாணயத்தைத் தொட்டுப் பார்க்கவோ நிறுத்துப் பார்க்கவோ வழியில்லை. போலிகளோ பெருகிக் கிடக்கின்றன. ஒரு புறம் ராமர் பட்டாபிஷேகமும் மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த காசுகளை முகநூலில் இலட்சக் கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். கம்பனி அப்படி ஒரு நாணயத்தை ஒருபோதும் வெளியிடவில்லை, அவை பிற்காலத்தில் கோயில் வாசல்களில் விற்பதற்காகச் செய்த வில்லைகள். வெள்ளி ரூபாய்களிலும் போலி உண்டு.

ஆனால் அனுப்புவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாணயத்துக்கான கட்டணத்தோடு, நேரடியாக அனுப்புவதென்றால் அங்கத்துவக் கட்டணம், போய்வரும் காப்புறுதித் தபால், சுங்கப் பத்திரங்கள் என்று எல்லாம் சேர்ந்தால், சாதாரண ஒரு சதத்தின் விலையைப் பல முறை தாண்டிவிடும். அச்சொளியுடன் கூடிய புழங்காத 1870 ஐந்து சதம் என்றால் அனுப்பலாம். தேய்ந்ததென்றால் சான்றிதழின் விலை நாணயத்தின் விலையைத் தின்றுவிடும். செப்பு நாணயங்களுக்கு நிறத்தையும் குறிக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். மூலச் சிவப்பு ஏறக்குறைய முழுவதும் எஞ்சியிருந்தால் சிவப்பு, பாதி போயிருந்தால் செம்பழுப்பு, அநேகமாக இல்லையென்றால் பழுப்பு. மூன்றுக்கும் எண் ஒன்றாகவே இருந்தாலும் விலை ஒன்றாக இராது.

நந்திக்கடல் எழுதியது:

மண்ணுக்குள் இருந்து வந்த நாணயங்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. வன்னியில் அதுதான் பெரிய பகுதி என்று நான் நினைக்கிறேன். இடம்பெயர்ந்தபோது நகையோடும் உறுதிப் பத்திரங்களோடும் காசுகளையும் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியிலும் மாமர அடியிலும் புதைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! மீளக் குடியேறியபின் தோண்டி எடுத்தவற்றில் தங்கம் அப்படியே இருந்தது. செப்பும் வெண்கலமும்தான் மாறிப்போயிருந்தன.

அந்த மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. கரும்பச்சையாகவோ கபிலமாகவோ, கெட்டியாக, மழமழப்பாக, எழுத்துகளின் ஓரங்களை மூடாமல் படர்ந்திருப்பது நிலையான களிம்பு. அது நாணயத்துக்குக் கவசம். அதைச் சுரண்டினால் அடியில் குழி விழுந்த செம்பைத்தான் காண்பீர்கள். மற்றது வெளிர் பச்சையாக, மாவைப்போல், புள்ளி புள்ளியாக எழும்புவது. பல் குத்தும் குச்சியால் தொட்டாலே உதிரும். துடைத்துவிட்டால் அடுத்த மாரிகாலத்தில் அதே இடத்தில் மறுபடியும் வரும். இதை வெண்கல நோய் என்பார்கள். உப்பிலுள்ள குளோரைட்டு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரத்தால் அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று, மறுபடியும் அதே சேர்வையை உண்டாக்கும் சுழற்சி அது. கடலோரத்தையும் களப்போரத்தையும் சேர்ந்த மண்ணில், முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை, இது வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

இதற்கு உறுதியான சிகிச்சை வீட்டில் இல்லை. காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வேகம் தணியும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து நாளடைவில் தாமே பச்சையாகும் என்பதால், அது நோயின்மேல் இன்னொரு நோய். மென்மையான பிளாஸ்டிக் பைகளில் வைத்திருந்து பசைபோலப் பச்சைப் படலம் ஒட்டியிருந்தால், அது வேறு. பி.வி.சி. பிளாஸ்டிக் சிதைந்து வடிந்த கசிவு அது. கலப்பில்லாத அசிற்றோனில் நனைத்தால் கரையும், உலோகத்துக்குத் தீங்கில்லை. நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், அசிற்றோனின் ஆவி தீப்பற்றக்கூடியது.

தரச்சான்று நிறுவனத்தின் கண்ணில் இத்தகைய நாணயங்களுக்கு எண் கிடைப்பதில்லை. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் டீற்றெயில்ஸ், சுற்றாடற் சேதம் என்பதுபோல் எழுதி வரும். தேய்மானம் இவ்வளவே, ஆனால் மேற்பரப்புக் கெட்டது என்று பொருள். துலக்கியவற்றுக்கும் துளையிட்டவற்றுக்கும் அதே கதிதான்.

அலம்பில் எழுதியது:

துளையிட்டவை என்றதும் கேட்கத் தோன்றியது. அம்மாவின் பழைய தாலிக்கொடியில் இரு புறமும் கோர்த்திருந்த பவுண் காசுகள் இரண்டை, கொடியை மாற்றிச் செய்தபோது கழற்றி வைத்தோம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரை வீரன். தலையில் தேய்மானமே தெரியவில்லை. இவற்றுக்கு நாணயம் என்ற வகையில் தனி விலை உண்டா, அல்லது தங்கத்தின் விலை மட்டும்தானா?

பறங்கியாறு எழுதியது:

அலம்பில் அக்கா, விளிம்பைப் பாருங்கள். பவுண் காசின் விளிம்பைச் சுற்றிலும் நெருக்கமான வரிகள் இருக்கும். கொளுக்கி வைத்த இடத்தில் அந்த வரிகள் உருகி மழுங்கி, ஒட்டுவதற்கு உருக்கி வைத்த பற்றாசின் வெளிர் மஞ்சள் நிறம் தெரியும். பொற்கொல்லர் எவ்வளவு நேர்த்தியாக அராவி எடுத்திருந்தாலும் கைக்கண்ணாடியில் அந்த இடம் காட்டிக் கொடுத்துவிடும். அவ்வாறு இருந்தால் நாணயமாக அதற்குத் தரம் கிடையாது; டீற்றெயில்ஸ் என்றே வரும். சாதாரண ஆண்டின் காசென்றால் தங்கத்தின் விலையே அதன் விலை.

எனினும் உருக்கக் கொடுக்குமுன் இரண்டு விடயங்களைப் பார்த்துவிடுங்கள். முழுப் பவுணின் நிறை 7.988 கிராம், இருபத்திரண்டு கரட். நிறையில் தெரியத்தக்க குறைவு இருந்தால் அராவியிருக்கிறார்கள் அல்லது காசே வேறு. பின்பு குதிரையின் காலடியிலுள்ள தரையில், ஆண்டுக்கு மேலே, ஒரு சிறிய எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைச் சொல்லும்: சிட்னிக்கு எஸ், மெல்பேணுக்கு எம், பேர்த்துக்குப் பி, எழுத்தே இல்லையென்றால் லண்டன். 1918இல் மட்டும் பம்பாயில் அடித்தார்கள், அதற்கு ஐ. சில ஆண்டு, எழுத்துச் சேர்க்கைகள் அரிதானவை. அவற்றுக்குப் பற்றாசு இருந்தாலும் வாங்க ஆள் உண்டு. தாலியில் இருந்த காசை விற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்துக்குரிய கேள்வி, நான் அதற்குள் நுழையவில்லை.

முத்தையன்கட்டு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி ஒற்றை விளக்கின் கீழ் பார்த்தேன். ஐந்து சதத்தில் மகாராணியின் காதுக்கு மேலே கூந்தல் தட்டையாகிவிட்டது, பின்கொண்டையில் இழைகள் தெரிகின்றன. பனையின் ஓலைகளில் நடுப்பகுதி கலந்துவிட்டது. தமிழ் எழுத்துகளை வாசிக்க முடிகிறது, ஆனால் ஓரங்கள் கூர்மையாக இல்லை. நிறம் ஒரே சீரான கடும்பழுப்பு. ரூபாயில் யானை தெளிவாக உள்ளது, மீசை சிறிது தட்டை, பின்புற மலர்வளையத்தைச் சுற்றி வெளிச்சம் நகர்கிறது. மன்னரின் கன்னத்தின் மேல் மட்டும் நகரவில்லை. ஆனால் வெறுந்தளத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் நிறையத் தெரிகின்றன.

துட்டுகள்தான் குழப்புகின்றன. ஒன்றில் வி.ஓ.சி. எழுத்துகள் மிகத் தெளிவாக உள்ளன, அதே காசின் மறுபுறத்துச் சிங்கத்தின் பாதி உடம்பைக் காணவில்லை. ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்?

பறங்கியாறு எழுதியது:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஐந்து சதம் பிரித்தானியக் கணிப்பில் ஃபைனுக்கும் வெரி ஃபைனுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் கருத்து. அமெரிக்கக் கணிப்பில் வெரி ஃபைன் 20 அல்லது 25 வரலாம். சீரான பழுப்பு நிறம் அதன் நல்ல குணம், எவரும் துலக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ரூபாயின் தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் ஒரே திசையில் ஓடும் அந்த மெல்லிய கீறல்கள், யாரோ எப்போதோ துணியாலோ பொடியாலோ தேய்த்ததன் அடையாளம். புழக்கத்தில் விழும் கீறல்கள் பல திசைகளில், நீளமும் ஆழமும் வேறுபட்டு இருக்கும். அனுப்பினால் ஏறக்குறையப் புழங்காதது, துலக்கப்பட்டது என்றே எழுதி வரும் என நினைக்கிறேன். அதற்காகக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

துட்டின் சிங்கம் தேய்ந்திருக்க வேண்டியதில்லை, அது முதலிலேயே விழாமல் இருந்திருக்கலாம். அச்சு சரியாக அழுந்தாத இடமும் தேய்ந்த இடமும் முதற் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும். தேய்ந்த இடம் வழுவழுப்பாக, சுற்றியுள்ள மேடுகளும் அதே அளவு குறைந்ததாக இருக்கும். அழுந்தாத இடத்திலோ, அடிப்பதற்கு முன் செப்புத் தகட்டில் இருந்த சொரசொரப்பு அப்படியே எஞ்சியிருக்கும், பக்கத்து எழுத்து கூர்மையாக நிற்கும். ஒல்லாந்த மாகாணங்கள் 1726 முதல் வி.ஓ.சி. கம்பனிக்காகக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய சில்லறை இது. எல்லாவற்றையும் கவனமாக அடித்தார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசுகளில் இது இன்னும் வெளிப்படை. நந்தி நடுவில் விழுந்திருந்தால் கீழுள்ள சேது என்ற எழுத்து தகட்டுக்கு வெளியே போயிருக்கும். அதனால்தான் என்.ஜி.சி. நிறுவனம் தொன்மைக் காலக் காசுகளுக்குத் தேய்மானத் தரத்தோடு, அச்சடிப்புக்கு ஐந்தில் இவ்வளவு, மேற்பரப்புக்கு ஐந்தில் இவ்வளவு என்று தனித்தனியாகப் புள்ளி இடுகிறது. ஒற்றை எண்ணைவிட அது நேர்மையான முறை, எமது துட்டுகளுக்கும் அப்படித்தான் கணிக்க வேண்டும்.

ஆனால் அந்தத் துட்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட நாணயங்கள் தொல்பொருட்களில் அடங்கும். உரிய அனுமதிப் பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. தரமிட்டுத் திரும்பி வரும் என்று சொல்வது சுங்கத்தில் செல்லாது. மேலும், மண்ணிலிருந்து கிடைத்த தொல்பொருள், கிடைத்த நிலம் எமதென்பதால் மட்டும் எமது சொத்தாகிவிடாது. கிடைத்ததை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமை இருக்கிறது. அப்பாவிடம் எந்த வயலில், எந்தப் பக்கத்தில் கிடைத்தவை என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்தின் அலுவலகத்தில் பேசுங்கள். முல்லைத்தீவில் ஒல்லாந்தரின் கோட்டை இருந்ததால் அப்பகுதியில் துட்டு கிடைப்பது புதுமையல்ல. எனினும் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு, அந்தக் காசின் தரத்தைவிட ஆய்வாளருக்குப் பெரிது.

செட்டிகுளத்தார் எழுதியது:

சட்டம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மேலே நான் எழுதியது 1870ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் வந்த நாணயங்களுக்கே பொருந்தும். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏற்கெனவே உறையில் அடைத்த நாணயத்தை எவராவது விற்க வந்தால், உறையை நம்பி வாங்காதீர்கள். உறையையே போலியாகச் செய்கிறார்கள். சான்றிதழ் இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டால், நாணயத்தின் விபரமும் பல வேளைகளில் படமும் வரும். படத்திலுள்ள கீறல், புள்ளி, நிறத் திட்டு ஆகியவை கையிலுள்ளதோடு ஒத்துப் போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இலக்கம் உண்மையானதாகவும் உள்ளிருக்கும் நாணயம் வேறாகவும் இருக்கலாம்.

கனகராயன் எழுதியது:

வெள்ளி ரூபாய்க்கு அதைவிட எளிய சோதனையும் உண்டு. 1919ஆம் ஆண்டு ரூபாய் பதினொன்று தசம் ஆறு ஆறு கிராம் நிறை உடையது, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சிறிய மின்தராசு ஒன்று இருந்தால், தேய்ந்த காசும் அதற்குச் சற்றே குறைவாகத்தான் காட்டும்; ஒரு கிராம் குறைந்தாலோ, கூடினாலோ ஐயப்பட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் ஐயமே வேண்டாம், போலி. தம்பியின் ரூபாயில் யானையும் வளையமும் அவர் சொல்லும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றனவென்றால், நகைக்கடை சொன்ன வெள்ளி விலைக்குக் கொடுக்க வேண்டாம். துலக்கிய கீறல் இருந்தாலும் சேகரிப்பவர் அதற்கு மேல் தருவார். பின்புறத்தில் கீழேயுள்ள தாமரைக்கு அடியில் ஒரு சிறிய புள்ளி புடைத்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா.